‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற நினைப்பிலிருந்து வெளியே வருவது எப்படி: விசுவாசிகளுக்குச் சில நடைமுறை யோசனைகள்

"ஆண்டவரே, நான் ஒன்றுக்கும் உதவாத பாவி, புழுவிலும் கேவலமானவன்" என்று ஜெபித்துப் பழகியவர்கள் நாம். சபையில் இதற்குத் தாழ்மை என்று பெயர். சரி, ஜெபத்தில் சொன்னதோடு விட்டால் பரவாயில்லை. எழுந்த பிறகும் அதே வரி பஸ்ஸில், ஆபீசில், கண்ணாடி முன்னால் தலை வாரும்போது ஓடிக்கொண்டே இருந்தால், யாராவது பாராட்டினால்கூட "சும்மா சொல்றாங்க" என்று தோன்றினால், அதைத் தாழ்மைக் கணக்கில் எழுதாதீர்கள். அது தன்வெறுப்பு. பக்தியின் சட்டையை மாட்டிக்கொண்டிருப்பதால்தான் நம்மில் பலருக்கு அடையாளம் தெரிவதில்லை.

முதலில் ஒரு நோட்டை எடுத்து, உங்கள் தலைக்குள் ஓடும் வரியை அப்படியே எழுதுங்கள். "எனக்குத் தாழ்வு மனப்பான்மை இருக்கிறது" என்று பொதுவாக எழுதினால் பிரயோஜனம் இல்லை. காதில் விழுகிற மாதிரியே வேண்டும்: "உன் தம்பிய பாரு, நீயும் இருக்கியே." "பொண்ணு கறுப்பு, கொஞ்சம் சேர்த்துப் போட வேண்டியிருக்கும்." "அரியர் வெச்சவன்லாம் பேசக் கூடாது." எழுதிவிட்டுப் பக்கத்திலேயே, இதை முதலில் சொன்னது யார் என்று குறியுங்கள். பெரும்பாலும் ஒரு பெரியப்பா வருவார், ஒரு கணக்கு வாத்தியார் வருவார், பெண் பார்க்க வந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போன ஒரு குடும்பம் வரும். கர்த்தர் பெயர் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று பாருங்கள்.

எண்ணாகமம் 13-ஆம் அதிகாரத்தில் கானானை வேவு பார்க்கப் போன பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் திரும்பி வந்து, அங்கே ராட்சதர்கள் இருக்கிறார்கள், நாங்கள் எங்கள் பார்வைக்கு வெட்டுக்கிளிகளைப்போல் இருந்தோம், அவர்கள் பார்வைக்கும் அப்படியே இருந்தோம் என்கிறார்கள். அந்த ராட்சதர்களிடம் போய் யாராவது கேட்டார்களா? இல்லை. தங்களைத் தாங்களே வெட்டுக்கிளி என்று முடிவு கட்டிவிட்டு, அதை அடுத்தவன் கண்ணிலும் ஏற்றிவிட்டார்கள். நாமும் பாதி நேரம் இதைத்தான் செய்கிறோம்.

அடுத்து, எழுதிய வரிகளைப் பிரிக்க வேண்டும், இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். பரிசுத்த ஆவியானவர் பாவத்தை உணர்த்துவார் என்று நம்புகிறோம், அதனால் உள்ளே கேட்கிற எல்லாக் குற்றச்சாட்டும் அவருடைய சத்தம்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் வெளிப்படுத்தின விசேஷம் 12:10-இல் இரவும் பகலும் குற்றஞ்சாட்டுகிறவன் என்று சொல்லப்படுவது பிசாசு. எப்படிப் பிரித்தறிவது? உணர்த்துதல் குறிப்பாக இருக்கும்: "நேற்று ராத்திரி அம்மாவிடம் அப்படிப் பேசியது தப்பு." அதற்குச் செய்ய ஒரு வேலை இருக்கிறது. போய் மன்னிப்புக் கேட்கலாம், அதோடு அது முடிந்தும் போகும். குற்றச்சாட்டு மொத்தமாக வரும்: "நீ எப்பவுமே இப்படித்தான், உன்னால யாருக்கும் நிம்மதி இல்ல." இதில் செய்ய ஒன்றுமே இல்லை, உட்கார்ந்து நோகத்தான் முடியும். 2 கொரிந்தியர் 7:10-இல் பவுல் தேவனுக்கேற்ற துக்கம், லௌகிக துக்கம் என்று இரண்டாகப் பிரிப்பதை இதோடு வைத்துப் படியுங்கள். முதல் வகையை அறிக்கையிட்டுச் சரி செய்யுங்கள். இரண்டாவது வகைக்காக மன்னிப்புக் கேட்டு அழ வேண்டாம். அதை மறுக்கத்தான் வேண்டும்.

பேதுருவை நினைத்துப் பாருங்கள். இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தவன். யோவான் 21-இல் உயிர்த்தெழுந்த இயேசு அவனைக் கடற்கரையில் சந்திக்கும்போது, கரிநெருப்பில் மீன் போட்டு, அப்பமும் வைத்து, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்கிறார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேச்சே. அந்தப் பேச்சிலும் "ஏன் அப்படிச் செய்தாய்" என்ற கேள்வி வரவில்லை, "என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று தரம் கேட்டு, மூன்று தரமும் வேலையைக் கையில் கொடுக்கிறார்.

இனி வசனங்கள். புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை பீரோவில் ஒட்டியிருக்கும், "நான் பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டபடியால்" என்ற சங்கீதம் 139:14 காலண்டரில் இருக்கும், இருந்தும் மனசு மாறியிருக்காது. அட்டையில் தப்பில்லை. தனி வசனம் சீக்கிரம் பழகிப்போய்விடும், அவ்வளவுதான், அதனால் கதையோடு படியுங்கள்.

என்னைக் கேட்டால் லேயாளிடமிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். ஆதியாகமம் 29. தங்கை ராகேல் ரூபவதி, அக்காவுக்குக் கூச்சப்பார்வை. வேதமே அக்கா தங்கையை அப்படிப் பக்கத்தில் நிறுத்தித்தான் கதையைத் தொடங்குகிறது. தங்கையைக் கேட்ட யாக்கோபுக்கு அப்பா அக்காவை ஏமாற்றிக் கட்டிவைக்கிறார், காலையில் விழித்த மாப்பிள்ளை "ஏன் எனக்கு வஞ்சகம் செய்தீர்" என்று மாமனாரிடம் சண்டைக்குப் போகிறான். முதலிரவு முடிந்த காலையில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த பெண்ணின் நிலைமையை யோசியுங்கள். பிறகு பிள்ளைகள் பிறக்கிறார்கள். ரூபன் பிறந்ததும் இப்பொழுது என் புருஷன் என்னை நேசிப்பார் என்கிறாள். சிமியோன், தான் அற்பமாய் எண்ணப்பட்டதைக் கர்த்தர் கேட்டருளினார் என்பதற்காக. லேவி பிறந்தபோதும், இனி என் புருஷன் என்னோடே சேர்ந்திருப்பார் என்ற அதே எதிர்பார்ப்பு. நாலாவது பிள்ளைக்குத்தான் பேச்சு மாறுகிறது: "இப்பொழுது கர்த்தரைத் துதிப்பேன்." அவன்தான் யூதா. தாவீதும், கடைசியில் இயேசுவும் வருவது அந்த வம்சத்தில். யாக்கோபு மாறினான் என்று அங்கே எழுதியில்லை, அவளுக்கு அந்த வீட்டில் வலி தீர்ந்துவிட்டது என்றும் இல்லை, அடுத்த அதிகாரத்திலேயே பிள்ளைப்பேறு தரும் என்று நம்பப்பட்ட தூதாயீம் கனிக்காக அக்காவும் தங்கையும் பேரம் பேசுகிறார்கள். ஆனாலும் அவள் அற்பமாய் எண்ணப்பட்டதைக் கர்த்தர் கண்டார் என்று அந்த அதிகாரம் சொல்கிறது. பிரசங்கத்தில் ராகேலுக்குக் கிடைக்கிற நேரத்தில் பாதியாவது லேயாளுக்குக் கொடுத்தால் நம் பெண்பிள்ளைகளுக்கு நல்லது.

நிறம்தான் உங்கள் பிரச்சினை என்றால் உன்னதப்பாட்டு 1:5, 6 படியுங்கள். "நான் கறுப்பாயிருந்தாலும் அழகாயிருக்கிறேன்" என்கிறாள் அந்தப் பெண். கூடப்பிறந்தவர்கள் கோபத்தில் தன்னைத் திராட்சத்தோட்டக் காவலுக்கு வைத்தார்கள், வெயில் பட்டது என்று காரணமும் சொல்கிறாள். வெயிலில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளான நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. வரன் தேடும்போது மட்டும் இந்த அதிகாரம் யார் வீட்டிலும் திறக்கப்படுவதில்லை என்பது வேறு விஷயம்.

படித்தது மனசில் நிற்க, திரும்பிப் பேசிப் பழக வேண்டும். சங்கீதம் 42-இல் பாடுகிறவர் "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்று தன்னிடமே கேட்கிறார். ஒரு தரம் கேட்டதும் சரியாகிவிடவில்லை, 42-இல் இரண்டு தரம், 43-இல் இன்னொரு தரம், அதே கேள்வி. நீங்களும் சத்தமாக, வீட்டில் பேசுகிற தமிழிலேயே சொல்லுங்கள். "சரி, அந்த இன்டர்வியூ சொதப்பிருச்சு. வருத்தமாத்தான் இருக்கு. அதுக்காக நான் வேண்டாதவன்னு ஆண்டவர் சொல்லல. அடுத்ததுக்கு அப்ளை பண்ணணும்." இவ்வளவு போதும். "நான் ஜெயிக்கப் பிறந்தவன்" ரகப் பேச்சு வேண்டாம், உங்களுக்கே நம்பிக்கை வராது, ராத்திரி இன்னும் கீழே தள்ளும். ஜெபத்தின் தொடக்கத்தையும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம் "எங்கள் பிதாவே" என்று தொடங்குகிறது, மன்னிப்புக் கேட்பது அதற்குப் பிறகுதான் வருகிறது.

இன்னொன்று, களைப்பாக இருக்கும்போது உங்களைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள். 1 இராஜாக்கள் 19-இல் தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, நான் என் பிதாக்களைப்பார்க்கிலும் நல்லவன் அல்ல என்று சாகக் கேட்கிறார். தூதன் வந்து கண்டிக்கவும் இல்லை, பிரசங்கம் பண்ணவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தது. எலியா சாப்பிட்டார், மறுபடியும் படுத்தார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான் தூதன். அதனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ரீல்ஸில் அடுத்தவன் கார், அடுத்தவள் கல்யாணம் எல்லாம் பார்த்துவிட்டு "நான் என்ன சாதிச்சேன்" என்று தோன்றினால், போனை வைத்துவிட்டுத் தூங்குங்கள். உபவாசம் இருக்கிற நாட்களில் இந்த எண்ணங்கள் கூடினால் உபவாசத்தைத் தள்ளிப்போடுங்கள், ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இதையெல்லாம் தனியாகச் செய்வது கடினம், ஒருவரிடமாவது சொல்லுங்கள். ஆனால் ஆளைப் பார்த்து. நம் ஊரில் "ஜெபக்குறிப்பு" என்று சொன்னது மறுநாள் காலைக்குள் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும். வாயை மூடி வைத்திருக்கத் தெரிந்தவராக, "விசுவாசம் பத்தல" என்று உடனே தீர்ப்புச் சொல்லாதவராகத் தேர்ந்தெடுங்கள். அவர் போதகராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

சில வாரங்களாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் என்று எண்ணம் வருகிறது என்றால் இந்தக் குறிப்புகள் மட்டும் போதாது, டாக்டரைப் பாருங்கள். அதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை. மிஷனரி ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையே பாகாயத்தில் மனநல மையம் நடத்துகிறது. இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். இலங்கையில் மனநல உதவி எண் 1926. மாத்திரை எழுதிக் கொடுத்தால் ஒழுங்காகப் போடுங்கள். யாராவது தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு "இனிமே இது வேண்டாம், நிறுத்திரு" என்று சொன்னால், ஆமென் சொல்லிவிட்டு, எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்காமல் ஒரு வேளையைக்கூட விடாதீர்கள்.