நம் சிரிப்பை வளர்த்த மேடைக் கலைஞர்களைக் கண்டறிந்து எழுதும் முறை

செட்டிநாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் மலர் வெளியிடுகிறார்கள். குலவரலாறு, கோவில் பிரிவு, கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்யப் போன ஊர்கள், செய்த திருப்பணிகள் என எல்லாம் அதில் இடம்பெறும். ஆனால் அந்த மனிதர் எதற்குச் சிரிப்பார், பிறரை எப்படிச் சிரிக்க வைப்பார், அந்த வழக்கம் அவருக்கு யாரைக் கேட்டு வந்தது என்பதை எழுதியவர்கள் மிகக் குறைவு. அதை இரண்டு மூன்று பக்கங்களில் எழுதுவதற்கான முறையை இங்கே சொல்கிறேன். உங்களைப் பற்றியும் எழுதலாம், உங்கள் ஐயாவைப் பற்றியோ அப்பத்தாவைப் பற்றியோ எழுதலாம். முறை ஒன்றுதான்.

பிடித்த நகைச்சுவையாளர் வேறு, நம்மை வளர்த்த நகைச்சுவையாளர் வேறு என்பதை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். "உங்களுக்குப் பிடித்தவர் யார்?" என்று கேட்டால், அண்மையில் கைபேசியில் பார்த்தவரின் பெயரைத்தான் எவரும் சொல்வார். நம்மை வளர்த்தவரோ நம் பேச்சுக்குள்ளேயே இருக்கிறார்: ஒரு சாதாரணச் செய்தியை நாம் சொல்லும் வரிசையிலும், முக்கியமான சொல்லுக்கு முன் நிறுத்தும் இடத்திலும், குரலை மாற்றும் விதத்திலும் அவர் தெரிவார். ஆகவே பெயர்களைப் பட்டியலிடுவதில் தொடங்காதீர்கள், பேச்சைக் கவனிப்பதில் தொடங்குங்கள்.

அதற்கு ஏற்ற இடம் முன்னோருக்குப் படைக்கப் பங்காளிகள் கூடும் படைப்பு வீடு, அல்லது கல்யாணத்துக்கு முந்தைய இரவில் வீட்டின் உள்முற்றமான வளவில் பாய் விரித்துப் பேசிக்கொண்டிருக்கும் நேரம். யாரைப் பற்றி எழுதப் போகிறீர்களோ அவரிடம் அனுமதி பெற்று, அவர் ஒரு நிகழ்ச்சியைச் சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். "ஒரு ஜோக் சொல்லுங்கள்" என்று கேட்கக் கூடாது, ஏனெனில் கேட்டுச் சொல்லும் ஜோக் பிறருடையதாக இருக்கும். பெண் பார்க்கப் போனது, ரயிலைத் தவறவிட்டது, மலேயாவிலிருந்து வந்த பெட்டியைப் பிரித்தது என அவரே அனுபவித்த ஒன்றைச் சொல்ல விடுங்கள். பிறகு அந்தப் பதிவை எழுத்தில் எழுதி, கேட்டவர்கள் சிரித்த இடங்களில் கோடிட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் முந்தைய இரண்டு வாக்கியங்களைத் திரும்பத் திரும்பப் படியுங்கள். சிரிப்புக்கு என்ன காரணம் என்பது பெரும்பாலும் அந்த இரண்டு வாக்கியங்களில் இருக்கும்.

அடுத்து, அவர் எதைக் கேட்டு வளர்ந்தார் என்பதை விசாரிக்க வேண்டும். இங்கே ஸ்டாண்ட்-அப் காமெடி என்பதைச் சென்னையில் ஆங்கிலத்தில் தொடங்கிய புதுக் கலையாக மட்டும் கருதினால் நம் பகுதியின் வேரைத் தவற விட்டுவிடுவோம். ஒரே ஒரு ஆள் ஒலிபெருக்கியின் முன் நின்று, வேடமில்லாமல், பேச்சால் மட்டும் ஒரு கூட்டத்தைச் சிரிக்க வைக்கும் கலையைச் செட்டிநாட்டார் பட்டிமண்டபத்தில் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் விழா பட்டிமண்டபத்துக்குப் பெரிய மேடையாக அமைந்தது. பங்குனியில் காரைக்குடியில் நடந்து நாட்டரசன்கோட்டையில் நிறைவுறும் அந்த விழாவுக்குப் போய்வந்த தலைமுறையினரிடம், கைகேயி குற்றவாளியா இல்லையா என்பது போன்ற வழக்காடலின் நடுவே எழுந்த சிரிப்பைப் பற்றிக் கேளுங்கள். பக்கத்துக் குன்றக்குடியின் அடிகளார் (1925–1995) நடுவராக அமர்ந்த மேடைகளைக் கேட்டவர்கள் இன்னும் பல ஊர்களில் இருக்கிறார்கள். எதிர்த்தரப்பு சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதிலிருந்தே அதற்கு எதிரான முடிவை எடுத்துக்காட்டிச் சிரிக்க வைக்கும் பழக்கம் ஒருவரிடம் இருந்தால், அது பட்டிமண்டபம் கேட்ட காது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

அதற்கும் முந்தைய பாதிப்பைத் தேடுகிறவர்கள் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனிடம் போய்ச் சேர்வார்கள். 1908இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்து 1957இல் மறைந்த அவரை நேரில் கேட்டவர்கள் இன்று மிக முதியவர்கள். ஆகவே இந்தப் பகுதியைத் தள்ளிப்போடாமல் உடனே செய்யுங்கள். அவர் வில்லுப்பாட்டையும் கதாகாலட்சேபத்தையும் எடுத்துக்கொண்டு, அந்த வடிவங்களுக்குள் அன்றைய சமூகச் செய்திகளை வைத்தார். நந்தனார் கதையின் அமைப்பைத் தழுவி அவர் நடத்திய கிந்தனார் காலட்சேபத்தில், ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவன் கல்வியால் உயர்கிறான். அறிவுரையைச் சிரிப்பில் பொதிந்து சொல்லி, அந்தச் சிரிப்பால் எளியவர் எவரையும் புண்படுத்தாத பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்கள் கலைவாணரின் பெயரைச் சொல்லாவிட்டாலும் நீங்கள் அவரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

ஐம்பது, அறுபது வயதில் இருப்பவர்களிடம் ஒலிநாடாவைப் பற்றிக் கேட்க வேண்டும். திண்டுக்கல் ஐ. லியோனியின் பட்டிமன்றங்கள் ஒலிநாடாவாக வீடு வீடாகச் சுற்றிய காலம் அவர்களுடையது. திரைப்பாடலின் ஒரு வரியைப் பாடி, சட்டென்று நிறுத்தி, அதே வரியை வீட்டுப் பேச்சில் விளக்கும் அவருடைய முறையைத் தெரியாமலே கைக்கொண்டவர்கள் ஏராளம். சாலமன் பாப்பையாவின் முறை வேறு. அவர் மதுரைப் பேச்சு வழக்கில், திண்ணையில் எதிரே அமர்ந்திருப்பவரிடம் குடும்பச் செய்தி பேசுவதைப் போலப் பேசுவார். பேசி முடித்தவரைச் சற்றே சீண்டிவிட்டு, உடனே பாராட்டவும் செய்வார். தீபாவளி, பொங்கல் காலைகளில் தொலைக்காட்சி வழியே இந்த முறையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், மாமியார் மருமகள் பேச்சில் இரு தரப்புக்கும் நியாயம் சொல்லிச் சிரிக்க வைப்பதைப் பார்க்கிறேன். கிரேசி மோகனின் நாடகங்களைக் கேட்டவர்களை அறிவது மிக எளிது, ஏனெனில் ஒரே சொல்லை ஒருவர் ஒரு பொருளிலும் மற்றவர் வேறு பொருளிலும் எடுத்துக்கொள்ளும் குழப்பத்தை அவர்கள் விடாமல் நீட்டிக்கொண்டே போவார்கள்.

விஜய் தொலைக்காட்சியில் 2005இல் தொடங்கிய கலக்கப் போவது யாரு நிகழ்ச்சி அடுத்த தலைமுறையின் பள்ளிக்கூடம். சின்னச் சின்ன ஜோக்குகளை மூச்சு விடாமல் அடுக்கும் மதுரை முத்துவின் வேகமும், பிறர் குரலில் பேசும் பழக்கமும் அங்கிருந்துதான் பலருக்கு வந்தன.

இன்றைய இளைஞர்களைப் பற்றி எழுதும்போது சற்று நிதானம் தேவை. மென்பொருள் வேலையை விட்டு ஸ்டாண்ட்-அப் மேடைக்கு வந்த அலெக்சாண்டர் பாபு, பாட்டையும் தன் வாழ்க்கைக் கதையையும் ஒன்றாகப் பின்னிச் சொல்கிறார். பிரவீன் குமார் கணவன், தந்தை என்ற தன் வீட்டு வாழ்க்கையையே பொருளாக்குகிறார். பட்டிமன்றப் பேச்சாளருக்குத் தலைப்பு உண்டு, எதிரணி உண்டு. இவர்களுக்குத் தலைப்பே தாங்கள்தான், எதிரணியும் இல்லை. ஒருவர் ஊர்க்கதையை விட்டுத் தன் கூச்சத்தையும் தன் வீட்டையும் சொல்லிச் சிரிக்க வைக்கத் தொடங்கியிருந்தால், இந்த மேடையின் தாக்கத்தை எழுதலாம். ஆனால் லியோனியின் ஒலிநாடா ஓடிய வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அலெக்சாண்டர் பாபு எளிதில் பிடித்துப்போவதற்கு, பாட்டை நிறுத்திப் பேசும் பழைய பழக்கமே காரணமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. இத்தகைய இணைப்புகளைக் கண்டால் விரிவாக எழுதுங்கள். கட்டுரையின் உயிரான பகுதி அதுவாகவே இருக்கும்.

விசாரிக்கும்போது கேள்விகளை இப்படி அமையுங்கள்: எந்தப் பேச்சைக் கேட்க இரவு விழித்திருந்தீர்கள்? யாரைப் போல் பேசிக்காட்டி வீட்டில் அடி வாங்கினீர்கள்? யார் சொன்ன வரி இன்றும் நம் வீட்டுச் சமையல்கட்டில் வழங்குகிறது? ஆச்சிமாரிடம் தனியாகக் கேளுங்கள். ஆண்கள் முகப்பில் உரக்கப் பேசும்போது, வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டில் பெண்களுக்குள் ஓடும் நகைச்சுவை அதைவிடக் கூர்மையாக இருக்கும். அவர்கள் அதை எங்கிருந்து பெற்றார்கள் என்பதை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நமக்கு வந்து சேர்ந்த சிரிப்பில் வேண்டாதவையும் உண்டு. நிறத்தையும் உடம்பையும் சாதியையும் கேலி செய்வதும், மனைவியை மட்டந்தட்டுவதும் மேடைகளில் தாராளமாக ஒலித்தன, நாமும் கைதட்டினோம். அவற்றை மறைக்காமல், இது இன்னாரிடம் இருந்தது, பின்னர் விட்டுவிட்டார் அல்லது இன்னும் விடவில்லை என்று நேராக எழுதுங்கள். ஆனால் அந்தக் கேலி எந்த உறவினரைக் காயப்படுத்தியதோ அவர் பெயரை மலரில் அச்சிடாதீர்கள்.

எழுதும்போது ஒரு கலைஞருக்கு ஒரு பத்தி என்று பங்கு பிரிக்க வேண்டாம். உண்மையில் ஒருவரே முக்கால் பங்கை எடுத்துக்கொள்வார், மற்றவர்களுக்கு ஒரு வாக்கியம் போதும். ஒவ்வொரு பெயருக்கும் அருகில், பதிவிலிருந்து எடுத்த ஓர் உதாரணத்தை அந்த மனிதரின் சொந்தப் பேச்சிலேயே, செட்டிநாட்டு வழக்கைத் திருத்தாமல் கொடுங்கள். உதாரணம் கிடைக்காத பெயரை எடுத்துவிடலாம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன், யாரைப் பற்றி எழுதினீர்களோ அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் சொன்ன கலைஞரை அவர் மறுத்து, "எனக்கு அதெல்லாம் எங்கள் அப்பச்சியிடமிருந்து வந்தது" என்று சொன்னால் அதையும் சேர்த்துக்கொண்டு, அந்த அப்பச்சி (தந்தை) யார் பேச்சைக் கேட்கப் போனார் என்ற அடுத்த கேள்வியை அப்போதே கேட்டுவிடுங்கள்.