ராணுவ உதிரிபாக ஆர்டருக்கு விலை போடும் முறை

இந்தியாவின் ராணுவத் தளவாட ஏற்றுமதி 2013-14இல் 686 கோடி ரூபாயாக இருந்து, 2024-25இல் 23,622 கோடியாக உயர்ந்திருக்கிறது. அதில் 15,233 கோடி தனியார் துறையின் பங்கு. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் கோவையும் சேலமும் இருப்பதால், பம்புக்கும் நூற்பாலை இயந்திரத்துக்கும் கூலிக்கு ஜாப் ஒர்க் செய்துவந்த, கோவையின் கணபதி, பீளமேடு பகுதிப் பட்டறைகளும் இந்த ஆர்டர்களை எதிர்பார்க்கின்றன. நம் ஊர்த் தொழில்திறன் இதற்குப் போதும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கவனம் வேண்டியது கொட்டேஷனில்தான்.

முதலில், ஒருமுறைச் செலவைத் தனியாக எழுதுங்கள். பம்பு உதிரி ஆயிரக்கணக்கில் ஓடும்; ராணுவ உதிரி நாற்பதோடு நின்றுவிடலாம். உருப்படியை இயந்திரத்தில் பிடித்துவைக்கும் ஃபிக்ஸர், கணினிவழி இயங்கும் சி.என்.சி. இயந்திரத்துக்கான புரோகிராம், டிராயிங்கில் உள்ள ஒவ்வோர் அளவையும் முதல் உருப்படியில் சரிபார்த்துப் பதியும் சோதனை ஆகியவற்றுக்கு 2 லட்சம் ரூபாய் ஆகிறதென்று கொண்டால், 400 உருப்படிகளில் அது ஒன்றுக்கு 500 ரூபாய். 40இல் 5,000 ரூபாய். அடுத்த ஆண்டு அதிகம் தருவதாகச் சொல்லும் வாய்மொழியை நம்பி இதைப் பரப்பிப் போடாமல், தனி வரியாகக் கேட்டுப் பெறுங்கள். அரசுகள் ஆயுத ஏற்றுமதியை நாடுவதற்கும் இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம்: சொந்தப் படைக்கு மட்டும் செய்தால், வடிவமைப்புச் செலவு முழுவதும் சில உருப்படிகளின் மீதே விழுகிறது.

அடுத்து, மூலப்பொருள். அலுமினியக் கட்டையை அறுக்கும் முன்பே அதன் ஹீட் எண்ணை (எந்த உருக்கில் வார்க்கப்பட்டது என்று காட்டும் எண்) மீதித் துண்டிலும் குத்திவிட வேண்டும்; எண் இழந்த துண்டு எவ்வளவு நல்ல உலோகமானாலும், சோதனைச் சான்றிதழோடு பொருத்திக் காட்ட முடியாததால், அந்த வேலைக்கு ஸ்கிராப்தான். இந்தக் கழிவையும், பதிவேடு எழுதுபவரின் சம்பளத்தையும் விலையில் சேர்க்க மறக்காதீர்கள்.

குறு, சிறு நிறுவனங்களுக்கு, ஒப்பந்தத்தில் அதிக நாள் குறித்திருந்தாலும், 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். ஆனாலும் பணம் தாமதமானால் சம்பளமும் மின்கட்டணமும் காத்திருக்கா. அதற்கான வட்டியையும் கணக்கில் வையுங்கள்.

நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்புவதானால், ஏற்றுமதிக் கட்டுப்பாடு உள்ள பொருள்களைக் குறிக்கும் ஸ்கோமெட் பட்டியலின், ராணுவத் தளவாடங்களுக்கான 6ஆம் பிரிவில் அந்த உதிரி வருகிறதா என்று விலை சொல்வதற்கு முன்பே பாருங்கள். வந்தால் பாதுகாப்பு உற்பத்தித் துறையின் அனுமதி வேண்டும்; கட்டுப்பாடு பொருளோடு நிற்பதில்லை, அதன் தொழில்நுட்ப டிராயிங்கை மின்னஞ்சலில் அனுப்புவதற்கும் பொருந்தும்.