ஊஞ்சல் பலகைக்கு அரக்கு பாலிஷ்: செதுக்கு மழுங்காமல் முடிப்பது

தேக்குப் பலகையின் ஓரம் முழுக்கக் கொடிக்கருக்கு (கொடியும் இலையுமாக ஓடும் வேலைப்பாடு) செதுக்கியாயிற்று. பல ஊஞ்சல்கள் கெட்டுப்போவது இதற்கு அப்புறம்தான். உளி கொடுத்த கூர்மையை உப்புத்தாள் தின்றுவிடும், மிச்சத்தைக் கெட்டியான பாலிஷ் மெழுகி மூடிவிடும். பத்து நாள் செதுக்கிய இலை, நாலடி தள்ளி நின்று பார்த்தால் பிடித்துவைத்த மாவு மாதிரி தெரியும். அதனால்தான் செதுக்கு உள்ள சாமானுக்கு பியூ (பாலியூரித்தேன்), மெலமைன் மாதிரி கெட்டிப் பூச்சுகளைவிட, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் அரக்கு பாலிஷ் நல்லது. படலம் மெல்லிசு, பின்னால் எங்காவது கெட்டாலும் அந்த இடத்தை மட்டும் சரிசெய்துவிடலாம்.

இங்கே சொல்லும் அளவுகள் 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அங்குல கனமுள்ள பலகைக்கு. தேக்கில் இது ஏறக்குறைய 30 கிலோ இருக்கும், புரட்டிப்போட இரண்டு ஆள் வேண்டும்.

முதலில் துளை. சங்கிலிக் கம்பி இறங்கும் நாலு துளைகளையும் பாலிஷுக்கு முன்பே போட்டுவிடுங்கள். கம்பியைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாக, பலகையின் முனையிலிருந்து 4 அங்குலமாவது உள்ளே தள்ளி இருக்கட்டும். அதைவிடக் கிட்டத்தில் போட்டால், ஆடும்போது விழும் இழுப்பில் மரம் வரியோடு பிளக்கும். அடியில் ஒரு கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு துளைத்தால் மறுபக்கம் சிலாம்பு தெறிக்காது.

சமதளப் பகுதிக்கு உப்புத்தாள் 80, 120, 180, 220 என்ற எண் வரிசையில் (எண் கூடக்கூடத் தாள் நைசு), வரியோட்டத்திலேயே தேயுங்கள். அவசரத்தில் 80-லிருந்து 220-க்குத் தாவினால் அப்போது ஒன்றும் தெரியாது. இரண்டாவது கோட்டிங்கில் ஒவ்வொரு கீறலும் எழுந்து நிற்கும். டார்ச்சைப் பலகையோடு படுக்கவைத்து அடித்துப் பாருங்கள், சாய்ந்த வெளிச்சத்தில் கீறல் ஒளியாது.

செதுக்கில் உப்புத்தாளை எடுப்பதே கடைசி வழி. பிசிறு இருந்தால் உளியை நன்றாகத் தீட்டி, பிசிறை மட்டும் சீவி எடுங்கள். பள்ளம் சொரசொரப்பாக இருந்தால் 220 தாளை மூங்கில் குச்சி நுனியில் சுற்றி, பள்ளத்துக்குள் மட்டும் இரண்டு இழுப்பு. இலையின் நரம்பு, விளிம்பு மேல் தாள் படவே கூடாது. உப்புத்தாள் வராத காலத்தில் பராய் மரத்து இலையைத்தான் இதற்குப் பயன்படுத்தினார்கள் (திருப்பராய்த்துறைக் கோயிலின் தலமரம் இதுதான்). காய்ந்த பராய் இலை சொரசொரப்பாக இருந்தாலும் வளைந்து கொடுக்கும். மழுங்காமல் மெருகேற்ற இன்றைக்கும் மோசமில்லை.

தேய்த்து முடித்ததும் ஈரத்துணியால் ஒருமுறை முழுக்கத் துடைத்துக் காயவிடுங்கள். படுத்திருந்த நார் எழும். அதை 320 தாளால் லேசாக வருடி எடுத்துவிட்டால் பாலிஷ் போட்டபின் எழாது. இரும்புப் பஞ்சு மட்டும் வேண்டாம். தேக்கிலுள்ள துவர்ப்போடு இரும்புத் துணுக்கும் ஈரமும் சேர்ந்தால் மை தெளித்ததுபோல் கறுப்புப் புள்ளி விழும், அது மேலே துடைத்தால் போகாது. துளையில் போடும் வாஷர், திருகாணி எல்லாம் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஆக இருக்க வேண்டியதும் இதனால்தான்.

பிறகு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பள்ளத்தூசியை வெளியே தள்ளிவிட்டு, ஸ்பிரிட் (பாலிஷுக்கு வாங்கும் மெத்திலேட்டட் ஸ்பிரிட்) நனைத்த துணியால் துடையுங்கள். தேக்கின் எண்ணெய்ப்பசை குறையும்.

சமதளத்தில் தேக்கின் கண்துளைகளை அடைக்க சாக்பவுடரை ஸ்பிரிட்டில் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து, வரிக்குக் குறுக்கே துணியால் தேய்த்து ஏற்ற வேண்டும். மஞ்சள் ஓக்கர், பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) என்ற நிறப்பொடிகளைக் கலந்து மர நிறத்துக்குக் கொண்டுவராமல் பூசினால், பாலிஷுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும். இந்தக் குழைவு செதுக்குக்குள் போகவே கூடாது. போனால் குச்சியால் அப்போதே சுரண்டி எடுங்கள்.

அரக்குச் செதில் 225 கிராம், ஸ்பிரிட் ஒன்றரை லிட்டர். இரண்டு பக்கத்துக்கும் இது தாராளம். கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, அவ்வப்போது குலுக்கி ஒருநாள் ஊறவிட்டு மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். இரும்பு டின்னில் கரைத்தால் கறுக்கும். கரைத்து மாதக்கணக்கில் வைத்ததை நம்ப வேண்டாம்: கண்ணாடிமேல் ஒரு சொட்டு விட்டு மறுநாள் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறதா? கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். பழைய அரக்கு எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பாகவே நிற்கும். வேலை நடக்கும் அறையில் காற்றோட்டம் இருக்கட்டும். விளக்கு, ஊதுவத்தி, அடுப்பு எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

முதல் கோட்டிங்குக்கு மட்டும் கரைசலில் பாதியளவு ஸ்பிரிட் கூடச் சேர்த்து நீர்க்கவைத்துக்கொள்ளுங்கள். செதுக்குக்கு மெல்லிய மயிர்ப் பிரஷ். தோய்த்து, ஜாடி வாயில் இருபுறமும் வழித்துவிட்டு, கிட்டத்தட்ட காய்ந்த பிரஷ்ஷாகவே பூசுங்கள். பள்ளத்தின் அடியில் கரைசல் குளம் கட்டினால் அந்த நொடியே காய்ந்த பிரஷ் நுனியால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் தேன் உறைந்த மாதிரி ஆகி, உளி வெட்டு மறையும். செதுக்குக்கு மூன்று கோட்டிங் போதும். நாலாவது வேண்டாம்.

சமதளத்துக்குப் பஞ்சுப் பொட்டலம். பலமுறை துவைத்த வேட்டித் துணியில் பஞ்சை வைத்து, அடிப்பக்கம் சுருக்கமில்லாமல் முறுக்கிப் பிடியுங்கள். கரைசலைப் பஞ்சில் ஊற்ற வேண்டும், துணியை ஜாடியில் முக்கக் கூடாது. எட்டுப் போடுவதுபோல் சுற்றிக்கொண்டே போய், ஓரத்தில் பலகையை விட்டு வழுக்கி வெளியேற வேண்டும். கை நடுவில் நின்றால் அங்கே ஒட்டிப் பிடித்துப் படலம் உரியும். இழுப்பது போலிருந்தால் பொட்டலத்தின் அடியில் ஒரே ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய். தேங்காய் எண்ணெய் காயாது, அதைத் தொடாதீர்கள். நாளுக்கு ஏழெட்டுச் சுற்று, இரவு ஓய்வு, இப்படி மூன்று நாள். எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காயப்போடுங்கள். சுருட்டிக் கிடந்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும்.

அடிப்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. மேல்பக்கம் மூடி, அடி திறந்து கிடந்தால் அடி மட்டும் ஈரம் வாங்கி உப்பும். ஒரு மழைக்காலம் போதும், பலகை வளைந்துவிடும். மினுக்கம் தேவையில்லை, ஆனால் மேலே எத்தனை கோட்டிங்கோ கீழேயும் அத்தனை. துளையின் உள்சுவருக்கும் பூசுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஸ்பிரிட் பறக்கும்போது மரத்தின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பால்போல் வெளுக்கும். வெயில் வந்த நாளில், ஸ்பிரிட் தொட்டுப் பிழிந்த பொட்டலத்தால் லேசாக ஓட்டினால் தெளியும்.

ஒரு வாரம் இறுகவிட்டு மெழுகு. 100 கிராம் தேன்மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்து அப்பால் கொண்டுபோன பிறகு 300 மில்லி டர்பன்டைன் சேர்க்கவும். பாதியைத் தனியே எடுத்து ஒரு சிட்டிகை பர்ன்ட் அம்பர் கலந்து, அதைச் செதுக்குப் பள்ளங்களில் பிரஷ்ஷால் ஏற்றி, மேடுகளை மட்டும் துணியால் துடைத்தெடுங்கள். பள்ளம் கறுத்து மேடு துலங்கும். வெறும் மெழுகு பள்ளத்தில் தங்கி வெளுத்துத் தெரியும் தொல்லையும் இல்லை. சமதளத்துக்கு நிறமில்லாத மெழுகு, மிக மெல்லிசாக.

பித்தளைச் சங்கிலியைப் புளி போட்டு விளக்குவதென்றால் மாட்டுவதற்கு முன்பே விளக்கிக் கழுவி நன்றாகத் துடைத்துவிடுங்கள். மாட்டிய பின் விளக்கினால் புளித்தண்ணீர் துளை வழியே இறங்கிப் பாலிஷைக் கெடுக்கும்.

அரக்குக்குச் சூடு ஆகாது. ஊஞ்சலில் காபி டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். ஸ்பிரிட்டில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியால், வளையத்தின் மேல் ஒரே வீச்சாக இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள், தேய்க்க வேண்டாம். வளையம் மறைந்ததும் நிறுத்தி, மறுநாள் அந்த இடத்துக்கு மட்டும் மெழுகு போட்டால் போதும்.