ஏரியில் தூண்டில் போட்டி: விராலும் ஏரியும் கெடாமல் நடத்தும் முறை

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என 2019இல் மூன்றாகப் பிரிந்த இந்தப் பகுதியில், ஏரிகள் நிரம்பி வழிந்த ஆண்டுகளில் எல்லாம் ஊருக்கு ஊர் தூண்டில் போட்டி நடத்தும் ஆர்வம் எழுவதைப் பார்க்கிறோம். இரப்பர்த் தவளையை வீசி விரால் பிடிக்கும் இளைஞர்கள் பெருகிவிட்டதும், ராடும் ரீலும் சிறு நகரங்களிலேயே கிடைப்பதும் அதற்குக் காரணம். ஆனால், நடத்துவோரில் பலர் போட்டி விதிகளை அமெரிக்கப் பாஸ் மீன் போட்டிகளின் காணொளிகளிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அவற்றில் எதை எடுத்துக்கொள்ள வேண்டும், எதை நம் ஏரிக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்பதைச் சில போட்டிகளை நடத்திய அனுபவத்தில் இங்கே எழுதுகிறேன்.

பாஸ் என்று இங்கே குறிப்பிடுவது அமெரிக்க நன்னீர் ஏரிகளில் வாழும் பெருவாய்ப் பாஸ் மீனை. மீன் கடைகளில் சீ பாஸ் என்று விற்கப்படும் கொடுவா வேறு இனம். ரே ஸ்காட் என்பவர் 1967இல் ஆர்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் நடத்திய போட்டிதான் இன்றைய பாஸ் போட்டிகளுக்கெல்லாம் வழிகாட்டியாக அமைந்தது. தொடக்கத்தில் பிடித்த மீன்கள் கொல்லப்பட்டன. குவிந்து கிடந்த செத்த மீன்களைக் கண்டு மக்கள் முகம் சுளிக்கத் தொடங்கிய பிறகு, 1972இல் அவரே 'பிடித்த மீனைக் கொல்லாதே' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். படகுக்குள் நீரோட்டமும் காற்றூட்டமும் உள்ள தொட்டியில் மீனை உயிரோடு வைத்திருந்து, மாலையில் எடை போட்டு, மீண்டும் ஏரியில் விடும் வழக்கம் அதன் பிறகே பரவியது. செத்த மீனைக் கொண்டுவருபவருக்கு மொத்த எடையிலிருந்து கழிவு உண்டு. செத்த மீனுக்குக் கழிவு என்ற இந்த விதியை நாம் எடுத்துக்கொள்ளலாம். தொட்டி விதியை அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை நாங்கள் நட்டப்பட்டுத்தான் கற்றோம்.

எங்கள் முதல் போட்டியில் இருநூறு லிட்டர் நீல டிரம் ஒன்றில் விளிம்பு வரை ஏரி நீரை நிரப்பி, மீன் தொட்டிக்கு வைக்கும் காற்றுக் குழாயையும் போட்டு, விரால் துள்ளி வெளியே விழாமலிருக்க மூடியை இறுகக் கட்டி வைத்தோம். பரிசளிப்புக்காக இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தபோது பாதிக்கு மேற்பட்ட மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. விராலுக்குச் செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் தனி அறை உண்டு. வளர்ந்த விரால் அடிக்கடி மேலே வந்து வாய் நிறையக் காற்றை இழுத்தாக வேண்டும், செவுள் மட்டும் அதற்குப் போதாது. நாங்கள் நீருக்குள் காற்றை ஊட்டிவிட்டு நீருக்கு மேலிருந்த காற்றை அடைத்துவிட்டோம். மீன் நீரில் மூழ்கிச் செத்தது என்றால் கேட்பவர் சிரிப்பார்கள், ஆனால் நடந்தது அதுதான். சந்தையில் அலுமினிய அன்னக்கூடையில் ஒரு சாண் நீர் மட்டும் விட்டு, மேலே வலையைப் போர்த்தி, நாள் முழுவதும் விராலை உயிரோடு வைத்து விற்கும் அம்மாக்களில் ஒருவரைக் கேட்டிருந்தால் அந்த மீன்கள் பிழைத்திருக்கும்.

காலமும் ஏரியும்

போட்டிக்கு ஏற்ற காலம் தையும் மாசியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் ஏறும்போதுதான் விரால் பெரும்பாலும் இனப்பெருக்கம் செய்கிறது. அப்போது போட்டி வைப்பது அடுத்த ஆண்டு மீனை இந்த ஆண்டே அழிப்பதாகும். பங்குனிக்குப் பிறகு வெயில் ஏற ஏற நீர் குறைந்து சூடேறுகிறது. 25 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கொள்ளும். 35 பாகையில் அது 7 மில்லிகிராமுக்குக் குறைந்துவிடுகிறது. வெப்பத்தில் மீனுக்குத் தேவை கூடும்போது நீரில் இருப்பு குறைகிறது. விரால் இதைத் தாங்கும். அதே தூண்டிலில் மாட்டும் கெண்டை வகைகள் தாங்கா. வேலூர்க் கத்திரி வெயிலில் போட்டி என்று யாராவது அறிவித்தால், பங்கேற்காமல் இருப்பதே நல்லது. தையிலும்கூடக் காலை 6 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு முடித்துவிட வேண்டும்.

ஏரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயர் பெற்ற ஏரி என்பதற்காக ஆசைப்படக் கூடாது. காவேரிப்பாக்கம் ஏரி போல மைல் கணக்கில் கரை நீளும் இடத்தில் யார் எங்கே என்ன பிடித்தார்கள் என்று கண்காணிக்கவே முடியாது. மதகிலிருந்து கலங்கல் வரை நடந்தே சுற்றிவரக்கூடிய நடுத்தர ஏரி போதும். ஆளுக்கு ஆள் பத்து மீட்டர் இடைவெளி விட்டால் எத்தனை பேர் நிற்க முடியுமோ அத்தனை பேருக்கு மட்டும் அனுமதிச் சீட்டு தர வேண்டும். தோல் பதனிடும் கழிவு பாலாற்றுப் படுகையை என்ன செய்தது என்பதற்கு 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் அளித்த தீர்ப்பே சான்று. கழிவுநீர் கலக்கும் அறிகுறியாக நுரையோ நிறமாற்றமோ நாற்றமோ தெரிந்தால், அந்த ஏரியில் போட்டி வேண்டாம். ஏற்கெனவே மூச்சுக்குத் திணறும் மீன்களைத் தூண்டிலில் இழுத்துக் களைப்பாக்கினால் அவற்றில் பல பிழைக்கா.

அடுத்து அனுமதி. ஏரி பொதுச் சொத்துதான். அதில் உள்ள மீன் பெரும்பாலும் மீன்பாசி ஏலத்தில் ஒருவருக்குக் குத்தகையாகப் போயிருக்கும். பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உடைய ஏரிகள் நீர்வளத்துறையிடமும் சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருப்பதால், உரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். ஆனால் அதற்கு முன்பே குத்தகைதாரர் வீட்டுக்கு நேரில் போய்ப் பேசுவது முறை. பணம் கட்டிக் குஞ்சு விட்டவர் அவர். ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் தவிரப் பிடித்த மீன் அனைத்தும் திரும்ப ஏரிக்கே போகும், செத்த மீனுக்குச் சந்தை விலை தரப்படும், நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு உங்களுக்கு என்று தெளிவாகச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். சித்திரையில் ஏரி வற்றும்போது எப்படியும் அவர் வலை போட்டு வாரப் போகிறார், பிறகு எதற்கு இத்தனை பாதுகாப்பு என்று சிலர் கேட்கிறார்கள். அவர் வாரும்போது மீன் உயிரோடும் எடையோடும் இருக்க வேண்டும் என்பதே ஒப்பந்தம். மேலும், எல்லா ஏரியும் எல்லா ஆண்டும் முற்றிலும் வற்றுவதில்லை. பள்ளத்தில் தங்கும் சில விரால்களே மறு மழைக்கு வித்து.

தூண்டில் விதிகள்

'அயிரை விட்டு வரால் பிடிக்கிறது' என்ற பழமொழி இருந்தாலும் போட்டியில் அயிரையும் மண்புழுவும் வேண்டாம். உயிர் இரையை மீன் தொண்டைக்குள் விழுங்கிவிடும். தூண்டில் முள் குடலில் ஏறிய மீன் பிழைப்பது அரிது. அசைந்து ஓடும் செயற்கை இரையில் முள் பெரும்பாலும் உதட்டிலோ வாயோரத்திலோதான் ஏறுகிறது. மண்புழுவைத் தடுக்க இன்னொரு காரணமும் உண்டு: போட்டிக்கு முந்தைய மாலையில் பத்துப் பேர் கரையைத் தோண்டினால் அது ஏரிக்கரைக்கு நல்லதல்ல. ஒரு தூண்டிலில் ஒரு செயற்கை இரை மட்டும் அனுமதிக்கலாம். முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு எதிர்முனையைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்கிய பிறகே கரைக்கு விட வேண்டும். வாயிலில் ஒருவர் குறட்டோடு உட்கார்ந்து, ஒவ்வொரு முள்ளையும் துணியில் குத்தி இழுத்துப் பார்க்கட்டும். துணியில் சிக்காமல் வெளியே வந்தால் சரி. நரம்பு எனப்படும் தூண்டில் இழை தளராமல் பிடித்திருக்கத் தெரிந்தவனுக்கு இதனால் மீன் தப்புவதில்லை. தெரியாதவனுக்குத் தப்பும், அது திறமைக்கான போட்டிதானே.

ஈயக் குண்டுக்கு இடமே கூடாது. நீர்ப்பறவைகள், உண்டதை அரைக்க வயிற்றில் சேர்க்கும் சிறு கல் என்று எண்ணி ஈயத்தை விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. அன்னங்கள் இப்படிச் செத்ததால்தான் பிரிட்டன் 1987இலேயே பெரும்பாலான ஈயத் தூண்டில் குண்டுகளைத் தடை செய்தது. நம் ஏரிகளின் நாட்டுக் கருவேல மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டும் காலமும் போட்டிக் காலமும் ஒன்றாக வருவதால், கூடுள்ள மரங்களைச் சுற்றி ஐம்பது மீட்டருக்குக் கயிறு கட்டித் தூண்டில் வீசுவதைத் தடுக்க வேண்டும். தூண்டில் எடைக்கு ஈயத்துக்குப் பதில் இரும்பு நட்டு போதும்.

செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து நீர் கொதிப்பதுபோல் குமிழ்விடும் இடத்தைக் கண்டால், அங்கே தவளையை வீசக் கூடாது. அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கும். பசிக்காக அல்லாமல் குஞ்சைக் காக்கவே அவை பாயும் என்பதால் பிடிப்பது மிக எளிது. பெற்றோரை ஐந்து நிமிடம் அகற்றினாலும் அந்த இடைவெளியில் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்றுவிடும். மழைக்காலம் கடந்த பிறகும் தாமதமாகக் குஞ்சு பொரித்த இணைகள் உண்டு. அப்படிப் பிடித்தவரின் முழுப் புள்ளியையும் நீக்கிவிடுங்கள்.

பிடித்தது முதல் விடுவது வரை

எடை போடும் மேடையைக் கைவிட்டு, நீளத்தை அளந்து அங்கேயே விடும் முறைக்கு மாறுவதே இந்தக் குறிப்பில் நான் வலியுறுத்தும் முதன்மையான மாற்றம். அமெரிக்காவிலேயே சிறு படகுப் போட்டிகள் பல அளவுப் பலகையில் வைத்துப் படம் எடுத்துவிட்டு உடனே நீரில் விடும் முறையில்தான் நடக்கின்றன. அறுபது அல்லது எழுபது சென்டிமீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையில் குறுக்குக் கட்டை அடித்து, மேலே வழவழப்பான ரெக்சின் ஒட்டி, அளவுக் கோடுகளைப் பெயிண்டால் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கு ஒரு பலகையும் ஒரு நடுவரும் தேவை. மீனின் வாய் மூடியிருக்க, மூக்கு கட்டையைத் தொட, வால் நுனி வரை அளவு. காலையில் அறிவித்த எண் எழுதிய சீட்டைப் பலகையின் ஓரத்தில் வைத்துப் படம் எடுத்தால், முந்தைய நாள் பிடித்த மீனின் படத்தை யாரும் காட்ட முடியாது. பாஸ் போட்டிகளில் போலவே ஒருவருக்கு மிக நீளமான ஐந்து மீன்களின் கூட்டுத் தொகையைக் கணக்கில் எடுக்கலாம். எங்கள் ஏரிகளுக்கு மூன்றே போதும்.

பலகையை முதலில் ஏரி நீரில் நனைக்க வேண்டும், கையையும் நனைக்க வேண்டும். காய்ந்த கையோ சாக்கோ துண்டோ பட்டால் மீனின் வழவழப்பான மேற்பூச்சு உரிந்து, அந்த இடத்தில் பூஞ்சை பற்றிப் புண்ணாகிறது. கரைக் கல்லின் மீது மீனை வைப்பது அதைவிடக் கேடு. ஒன்பது மணிக்கே அந்தக் கல் சுடும். செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்காமல், ஒரு கையை வயிற்றுக்கடியிலும் மறு கையை வால் அருகிலும் கொடுத்துக் கிடையாகப் பிடிக்க வேண்டும். விராலுக்குக் கூரிய பல் உண்டு என்பதால் வாய்க்குள் விரல் விடாமல் நீண்ட மூக்குக் குறட்டால் முள்ளை எடுக்கலாம். முள் தொண்டைக்குள் போயிருந்தால் இழுக்காதீர்கள்; நரம்பை வாயருகே வெட்டிவிட்டு மீனை விட்டால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பிடித்தவர் மூச்சை அடக்கிக்கொண்டு, தன் மூச்சு முட்டும் முன் மீன் நீருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளட்டும். செல்பி மோகத்தை அடக்க இதைவிட நல்ல விதியை நான் காணவில்லை.

விடும்போது தூக்கி எறியக் கூடாது. கரையில் இருந்தபடியே ஓர நீரில் தாழ்த்திப் பிடித்து, தானாக வாலை அடித்துப் போகும் வரை காத்திருக்க வேண்டும். படத்துக்காகவோ சிறுவர்களுக்குக் காட்டவோ ஒரு மீனைச் சிறிது நேரம் வைத்திருந்தே ஆக வேண்டும் என்றால், அகலமான தொட்டியில் பாதிக்கும் குறைவான நீர், மேலே மூடிக்குப் பதில் வலை, நிழல். கட்லாவோ ரோகுவோ மாட்டினால் அதையும் செய்யாமல் உடனே விடுங்கள். ஜிலேபி மீனைத் திரும்ப விடத் தேவையில்லை, குத்தகைதாரர் கையில் கொடுத்துவிடலாம். தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி சிக்கினால் எக்காரணம் கொண்டும் நீருக்குத் திரும்பக் கூடாது. பாஸ் மீனையே கொண்டுவந்து நம் ஏரியில் விட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஜப்பானைக் காட்டலாம்: விளையாட்டுக்காகப் பரப்பப்பட்ட அந்த மீன் உள்ளூர் மீன்களைத் தின்று பெருகியதால், 2005இல் அந்நாடு அதைச் சட்டப்படி தீங்கான அயல் இனமாக அறிவித்தது.

ஏரிக்குள் இறங்க யாரையும் அனுமதிக்காதீர்கள். வண்டல் எடுத்த பள்ளங்கள் நீருக்கடியில் தெரிவதில்லை, கரையிலிருந்து இரண்டடியில் ஆள் ஆழம் இருக்கும். லாரி டியூபில் மிதந்து தூண்டில் போடுவதற்கும் இடமில்லை. நீச்சல் தெரிந்த இருவர் கயிற்றோடு கரையில் இருக்க வேண்டும். வேறு ஏரியிலிருந்து வருபவர்களின் வலையிலும் பையிலும் ஆகாயத்தாமரைத் துண்டு ஒட்டியிருக்கிறதா என்று வாயிலிலேயே பார்த்து, உதறிக் காயவைத்த பிறகு உள்ளே விடுங்கள். ஒரு துண்டு போதும், இரண்டு ஆண்டில் ஏரி மூடிவிடும்.

அறுந்த நரம்பு மண்ணில் மட்காது, கொக்கின் காலில் சுற்றும். ஆகவே ஒவ்வொருவரும் வரும்போது காட்டிய நரம்பையும் இரையையும் போகும்போதும் காட்ட வேண்டும். மரத்தில் சிக்கியதை எடுத்துவந்தால் கூடுதல் ஐந்து சென்டிமீட்டர் தரலாம், இளைஞர்கள் போட்டி போட்டுப் பொறுக்குவார்கள். மீந்த பணத்தை வரத்துக்கால்வாயில் அடைத்து நிற்கும் சீமைக் கருவேலத்தை அகற்ற, உரிய அனுமதி பெற்றுச் செலவிடுவதே எங்கள் வழக்கம்.

விட்ட மீனில் சில அன்றைக்கே சாகாமல் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ சாகும் என்பதால், பரிசு கொடுத்த பிறகும் வேலை முடியவில்லை. தொடர்ந்து மூன்று நாள், விடிந்ததும் இருவர் கரை முழுவதும் நடந்து, மிதக்கும் மீனை இனம் வாரியாக எண்ணி நோட்டில் எழுத வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கக் கரையில்தான் அவை ஒதுங்கும், முதலில் அங்கே போங்கள். எண்ணிக்கையைக் குத்தகைதாரரிடம் காட்டி, ஒப்புக்கொண்ட விலையைக் கையில் கொடுத்துவிட்டு, மறு ஆண்டுக்கான தேதியை அதன் பிறகே பேசுங்கள்.