வாடகை வீட்டுக் கணக்கில் லாபம், கையில் காசில்லை

வாடகைக்கு விட வாங்கிய வீடு. கணக்குத் தாளில் மாதாமாதம் லாபம் காட்டியது, வங்கி இருப்போ குறைந்துகொண்டே போனது. முதலில் வாடகை ரசீதுகளைச் சரிபார்த்தேன், பாக்கி எதுவுமில்லை. பராமரிப்புச் செலவைத் தோண்டினேன், அதுவும் சரி. காப்பீட்டையும் வரியையும் 12 மாதத்துக்குப் பிரித்துப் போட்டேன். ஓட்டை சிறிதானது, அடைபடவில்லை.

அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது: வாடகை, செலவு எதுவும் மாறாத மாதங்களிலும் லாபம் சில்லறையாக ஏறியிருந்தது. கடன் தவணையில் வட்டி மட்டுமே செலவுப் பத்தியில் இருந்தது. அசல், கடனைக் குறைக்கும் தொகை என்பதால் லாபநட்டக் கணக்கில் வராது. ஆனால் பணம் போய்விடும். 10 லட்சம் கடன், 9% வட்டி, 20 ஆண்டு என்றால் தவணை சுமார் 8,997. முதல் மாத வட்டி 7,500, அசல் 1,497. அடுத்த மாதம் வட்டி 7,489 ஆகும். தவணை அப்படியே நிற்க, லாபம் மட்டும் 11 கூடும்.

முழுத் தவணையையும் கழிக்கும் ரொக்கக் கணக்கைத் தனித் தாளில் போட்டேன். வீடு காலியாகக் கிடக்கும் மாதத்துக்கும் அதில் ஒரு வரிசை சேர்த்தேன். வங்கி இருப்போடு அப்படியே பொருந்தியது. அப்பாடா!