ஈரத் தரையில் கை கிரைண்டர்: ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் மாட்டும் முறை

திருப்பூர்ப் பக்கச் சாயப்பட்டறைகளில் தரை காய்வதே அபூர்வம். அங்கே டிராலியில் தள்ளிப்போகும் கிரைண்டருக்கு 230/230 வோல்ட் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். இதில் கரண்ட் உள்ளே வரும் காயிலும் (பிரைமரி) வெளியே போகும் காயிலும் (செகண்டரி) தனித்தனி. செகண்டரிக்கும் பூமிக்கும் தொடர்பில்லாததால், ஒரு வயர் பழுதாகி மிஷின் பாடியைத் தொட்டாலும் கரண்ட் நம் காலடி வழியே திரும்பிப் போக வழியில்லை. ஸ்டெபிலைசர் இதற்கு ஆகாது. பெரும்பாலானவற்றில் இருப்பது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், அதில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே காயில்தான்.

800 வாட் கிரைண்டருக்கு 1.5 கேவிஏ திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மர் எடுங்கள். ஆன் செய்ததும் ஒரு இழுப்பு இழுக்கும், அதனால் பிரைமரிக்கு அந்த இழுப்பைத் தாங்கும் சி அல்லது டி வகை எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே ஆஃப் ஆகும் சுவிட்ச்). டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியை எர்த் செய்யுங்கள். செகண்டரி முனை எதையும் எர்த் செய்யாதீர்கள். 'நியூட்ரல் வேணுமுங்க' என்று யாராவது ஒரு முனையை எர்த்தில் இணைத்தால் போட்ட காசு வீண்.

சரிபார்க்க 60 வாட் குண்டு பல்பு போதும். செகண்டரியின் இரு முனைகளுக்கிடையே எரிய வேண்டும். ஒரு முனைக்கும் எர்த்துக்கும் நடுவே எரியவே கூடாது. டிஜிட்டல் மீட்டர் அங்கே சில பத்து வோல்ட் காட்டலாம். காயில்களுக்கிடையே கசியும் துளி கரண்ட் அது.

ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரே மிஷின். இரண்டு மாட்டி, ஒன்றில் ஒரு வயரும் மற்றதில் மறு வயரும் பாடியைத் தொட்டால், இரண்டையும் பிடிப்பவருக்கு முழு 230 வோல்ட். கரண்ட் பூமிக்குக் கசிந்தால் ஆஃப் ஆகும் ஆர்சிசிபி அப்போது டிரிப் ஆகாது.