லேப்டாப் கொடுத்தால் மார்க் ஏறுமா? ஆய்வு செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு

கல்வியில் தொழில்நுட்பம் பற்றி ஆய்வு செய்யப் போகிறீர்களா? ஆசிரியரிடம் "பயன்பட்டதா?" என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள், புதிதாக வந்த கருவியை யாரும் சட்டென்று குறை சொல்ல மாட்டார்கள். பெரு நாட்டில் 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை எடுத்து, குலுக்கல் முறையில் ஒரு பகுதிக்கு மட்டும் லேப்டாப் கொடுத்துப் பார்த்தார்கள். 15 மாதம் கழித்து கணக்கு, மொழிப் பாட மதிப்பெண்ணில் வித்தியாசம் தெரியவில்லை. பொதுச் சிந்தனைத் திறன் தேர்வுகளில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம். ஆக, எதை அளக்கப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே எழுதி வையுங்கள். அப்புறம், குலுக்கல் மாணவர் வாரியாக வேண்டாம், பள்ளி வாரியாக இருக்கட்டும். ஒருவனிடம் லேப்டாப் இருந்தால் பக்கத்து பெஞ்சும் அதைத்தானே எட்டிப் பார்க்கும்! முடிந்தால் கருவியில் பதிவாகும் லாக் கோப்பையும் வாங்கிக்கொள்ளுங்கள். உண்மையில் எவ்வளவு நேரம் திறந்தார்கள் என்று தெரிந்துவிடும்.